புதுப்பிப்பு: ஒவ்வாமை இல்லாத தீராத மூக்கொழுகல், கேப்சைசின் பலன் தந்தது

ஒவ்வாமைப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் குளிர்காற்றோ சென்ட் வாசனையோ பட்டாலே மூக்கு ஒழுகுகிறது, ஸ்டீராய்டு ஸ்பிரேயும் கேட்கவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் பற்றிக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்கச் சொன்ன யோசனைதான். உப்புநீரில் கழுவியது கொஞ்சம் இதம் தந்தது, அவ்வளவுதான். மருத்துவர் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்துவிட்டு, ஒரே நாளில் ஒரு மணி நேர இடைவெளி விட்டு 5 முறை மருந்தை அடித்தார். முதல் தடவை கண்ணில் நீர் கொட்டி நெற்றிவரை எரிந்தது, அப்புறம் ஒவ்வொரு முறையும் எரிச்சல் குறைந்துகொண்டே வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சின்னச் சீண்டலுக்கும் மூக்கை ஒழுகவிடும் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற ஏற்பி (தூண்டலை உணரும் புரதம்) இருக்கிறது, கேப்சைசின் அதை முதலில் தூண்டிவிட்டு, பிறகு அந்த நரம்பையே ஓயவைத்துவிடுகிறது.

பலன் தெரியச் சில வாரம் ஆனது. இப்போது கைக்குட்டை இல்லாமல் வெளியே போகிறேன். மூக்கடைப்பில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. பலன் பல மாதம் நீடிக்கலாம், ஒழுகல் திரும்ப வந்தால் மறுபடி செய்யலாம் என்றார் மருத்துவர்.

சரி, முயல்பவர்கள் ஒவ்வாமை இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், மிளகாய்த்தூளைக் கரைத்து மூக்கில் விடும் வேலை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.