மறு: ‘கவர்’ பாடலுக்குத் தமிழில் என்ன?

> ‘மறுபாடல்’ போதுமே. இதை ஏன் இன்னும் இழுக்க வேண்டும்?

‘கவர்’ என்பது ஒருவர் வெளியிட்ட பாட்டை இன்னொருவர் புதிதாகப் பதிவு செய்வது. அதற்கு ‘மறுபாடல்’ போதும் என்றுதான் எனக்கும் பட்டது, குழல் கலைஞர் ஹெர்பி மேனின் ‘மெம்ஃபிஸ் அண்டர்கிரவுண்ட்’ பற்றி நாலு வரி எழுத உட்காரும்வரை. 1969இல் அட்லாண்டிக் வெளியிட்ட ஜாஸ் குழல் ஆல்பம் அது. மொத்தம் ஐந்து உருப்படி. தலைப்புப் பாட்டு மட்டும் மேனுடையது. மற்ற நான்கும் ஊரறிந்த பாட்டுகள். ஆனால் ஒருவரும் வாய் திறந்து பாடவில்லை. குழலில் ஊதியதைப் ‘பாடல்’ என்று எப்படி எழுதுவது?

அடுத்த சிக்கல் ‘மறு’. மறுஒளிபரப்பு, மறுபதிப்பு எல்லாம் இருந்தது இருந்தபடியே திரும்ப வருவது. அந்த நான்கில் ஒன்றான ‘செயின் ஆஃப் ஃபூல்ஸ்’ 1967இல் அரீத்தா ஃபிராங்க்ளின் குரலில் மூன்று நிமிடம்கூட இல்லை. மேன் அதைப் பத்து நிமிடத்துக்கு மேல் வாசிக்கிறார். முதலில் மெட்டைக் காட்டிவிடுகிறார். அப்புறம் பேஸும் டிரம்ஸும் ஒரே பிடியில் நிற்க, குழல் தன் போக்கில் கிளம்பிவிடுகிறது. அடியில் தாளம் பிடித்து வாசிப்பவர்கள் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகர ஸ்டுடியோக்காரர்கள், சோல் பாட்டுக்கு (அரீத்தா பாடும் அமெரிக்கக் கறுப்பின இசை வகை) வாசித்தே பிழைத்தவர்கள். அதன் மேல் தனியாக வாசிப்பவர்கள் ஜாஸ்காரர்கள். நான்கில் இன்னொன்றான ‘ஹோல்ட் ஆன், ஐயாம் கமிங்’கில் சன்னி ஷாராக்கின் கிட்டார் கிறீச்சிடும் இடத்தில் ஸ்பீக்கர்தான் போய்விட்டதோ என்று நான் எழுந்து போய்ப் பார்த்தேன். இதற்குப் போய் ‘மறு’வா?

என் பரிந்துரை: வழியிசை. முதல்நூல், வழிநூல் என்ற பாகுபாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வழிநூலுக்கு இலக்கணம் சொல்லும்போது நன்னூல் ‘பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி’ என்கிறது. முன்னவன் முடிவை ஏற்றுக்கொண்டு, பின்னவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சேர்ப்பது. மேன் செய்திருப்பது அச்சு அசல் இதுதான். அரீத்தாவுடையது முதலிசை, இது வழியிசை.

> வழிப்பாடல் என்றால் இன்னும் எளிமை அல்லவா?

வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ‘வழிபாடு’ என்று காதில் விழும்.

> ரீமிக்ஸையும் இதிலேயே அடக்கிவிடலாமா?

கூடாது. ரீமிக்ஸ் பழைய ஒலிப்பதிவையே எடுத்து வெட்டி ஒட்டுவது. வழியிசைக்குப் பாட்டு மட்டும் போதும், பதிவு புதிது. அமெரிக்கச் சட்டத்திலும் இந்தப் பிரிவு உண்டு: ஒரு பாட்டு ஒருமுறை இசைத்தட்டில் வெளிவந்துவிட்டால், குறித்த கட்டணத்தைக் கட்டி யாரும் அதைப் புதிதாகப் பதிவு செய்யலாம். மேனின் ஆல்பம் வந்த 1969இல் ஒரு பிரதிக்கு, பாட்டு ஒன்றுக்கு 2 சென்ட். அந்தக் காசும் பாட்டை எழுதிய டான் கவேயின் பக்கம்தான் போகும், பாடிய அரீத்தாவுக்கு இல்லை. ரீமிக்ஸுக்கு ‘மறுகலவை’ இருந்துவிட்டுப் போகட்டும்.

‘சோல்’ இசையை ‘ஆன்ம இசை’ ஆக்கச் சொன்ன நண்பருக்கு: வேண்டாம் ஐயா, பஜனை என்று நினைத்துவிடுவார்கள். சோல் சோலாகவே இருக்கட்டும். அதேபோல் மேன் ஊதுவது சாவிகள் வைத்த உலோகக் குழல். ‘வேய்ங்குழல்’ என்று திருத்தியவர் வேய் என்றால் மூங்கில் என்பதை மறந்துவிட்டார். வெறும் ‘குழல்’ போதும்.

‘கவர் பேண்ட்’தான் இடிக்கிறது. ‘வழியிசைக்குழு’ என்றால் மாப்பிள்ளை அழைப்பில் வழிநெடுக ஊதிக்கொண்டு வருகிறவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். யாருக்காவது வேறு யோசனை உண்டா?