பியூபிஸ் பின்னோக்கி இருந்தும் பறவைகள் ஏன் தெரோபாட் வழி?

கேள்வி: செங்கால்

மேல்நிலை வகுப்புக்கு இடுப்பு வளையம் பற்றிய பாடக்குறிப்பு தயாரிக்கிறேன். ஓரிடத்தில் இடிக்கிறது. 1887-ல் தொல்லுயிரியலாளர் ஹாரி சீலி டைனோசர்களை இடுப்பை வைத்து இரண்டாகப் பிரித்தார். சாரிஸ்கியா என்ற பிரிவில் பியூபிஸ் என்ற இடுப்பெலும்பு முன்னோக்கி நீளும். ஆர்னிதிஸ்கியா என்ற பிரிவில் அது இஸ்கியம் என்ற இன்னொரு இடுப்பெலும்பை ஒட்டியபடி பின்னோக்கிப் போகும். கோழிக்கும் பின்னோக்கித்தான். அப்படியிருக்க, பறவைகளை சாரிஸ்கியாவின் தெரோபாட்களோடு (இருகாலில் நடந்த, பெரும்பாலும் ஊனுண்ணிகளான டைனோசர்கள்) சேர்த்துவிட்டு, ஆர்னிதிஸ்கியாவின் இகுவானோடான், ட்ரைசெராடாப்ஸ் கூட்டத்தை விட்டுவிட்டது ஏன்? கோழி எலும்பிலேயே இதை மாணவர்களுக்குக் காட்ட முடியுமா?

பதில் 1: பாறைப்படிவு

பியூபிஸ் பின்னால் திரும்புவது ஒரே ஒரு முறை நடந்த மாற்றம் அல்ல. ஆர்னிதிஸ்கியாவில் ஒரு முறை. தெரோபாட்களுக்குள்ளேயே தாவரம் தின்ற தெரிசினோசார்களில் ஒரு முறை. டைனோநைகஸ், வெலாசிராப்டர், பறவைகள் அடங்கிய கிளையில் மறுபடியும். ஆதிப்பறவையான ஆர்க்கியாப்டெரிக்ஸில் அது ஏறக்குறைய நேர் கீழாக, சற்றே பின்சாய்ந்து நிற்கிறது. அல்லோசாரஸ் என்ற தெரோபாடில் முன்னோக்கி, கோழியில் முழுக்கப் பின்னோக்கி என்ற வரிசையில் நடுவே வைக்க இதைவிடப் பொருத்தமான புதைபடிவம் கிடையாது.

கருவளர்ச்சியும் இதற்கு ஒத்துப்போகிறது. 2022-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வின்படி, பறவைக் கருவின் இடுப்பு முதலில் பழைய டைனோசர் அமைப்பில்தான் உருவாகிறது. பியூபிஸ் பின்னால் சுழல்வது அதற்கப்புறம்தான்.

இடுப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு சிலேசாரஸ் (Chilesaurus) என்ற டைனோசரே போதும். 2015-ல் தெரோபாட் என்று விவரித்தார்கள். 2017-ல் வேறு இருவர் அதையே ஆர்னிதிஸ்கியாவின் அடிக்கிளைக்கு மாற்றினார்கள். அதன் பியூபிஸ் பின்னோக்கியது!

இகுவானோடான் கூட்டத்தை ஒதுக்கப் பல காரணங்கள் உண்டு. அவற்றின் கீழ்த்தாடை நுனியில் பிரிடென்டரி என்ற தனி எலும்பு இருக்கிறது. பியூபிஸிலிருந்து முன்பக்கமாகவும் ஒரு கிளை நீள்கிறது. மறுபக்கம், காற்றுப்பைகள் புகுந்த முதுகெலும்புகள், மூன்று விரல் கை, மணிக்கட்டில் பிறைவடிவ எலும்பு, கவட்டைபோல் ஒன்றிணைந்த காறை எலும்பு எல்லாம் தெரோபாட்களிடம்தான் ஒன்றாகக் கிடைக்கின்றன.

அந்தக் காறை எலும்பால்தான் விவாதமே பல பத்தாண்டுகள் முடங்கியது. டைனோசர்களுக்குக் காறை எலும்பு இல்லை, இழந்த உறுப்பு திரும்ப முளைக்காது என்று சொல்லி கெர்ஹார்ட் ஹைல்மான் 1926-ல் தெரோபாட் வழியை நிராகரித்தார். 1924-லேயே விவரிக்கப்பட்ட ஓவிராப்டரில் அது இருந்தது. வேறு எலும்பு என்று பெயரிட்டு விட்டிருந்தார்கள். 1969-ல் ஜான் ஆஸ்ட்ரம் டைனோநைகஸை விவரித்த பிறகே காற்று திரும்பியது.

பதில் 2: கூட்டெலும்பு

வகுப்புக்கு இரண்டு கோழி வாங்குங்கள்: பிராய்லர் ஒன்று, முட்டையிட்டு ஓய்ந்த வயதான கோழி ஒன்று. பிராய்லரை ஆறேழு வாரத்தில் அறுத்துவிடுவதால் எலும்பு நுனிகள் குருத்தெலும்பாகவே இருக்கும். இடுப்பின் மூன்று எலும்புகளான இலியம், இஸ்கியம், பியூபிஸ் சேரும் கோடுகளை அதில் பார்க்கலாம். முதிர்ந்த கோழியில் அவை ஒட்டிப்போய்க் கோடே தெரியாது.

கடைக்காரரிடம் துண்டு போட வேண்டாம், மூன்று விரல் கையைக் காட்ட இறக்கை நுனியும் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். குழம்புக்கு வெட்டினால் கத்தி முதலில் இடுப்பில்தான் இறங்கும். குக்கரில் வைக்காதீர்கள், பிராய்லர் எலும்பு நொறுங்கிவிடும். கொதிக்கவிடாமல் சிறுதீயில், பிராய்லருக்கு ஒரு மணி நேரம், முதிர்ந்ததற்கு மூன்று. சதையைக் கையால்தான் எடுக்க வேண்டும். கத்தி பட்டால் பியூபிஸ் போய்விடும், அது ஈர்க்குச்சிக் கனம்தான். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் சில நாள் ஊறவிட்டுக் கொழுப்பை நீக்கி, மருந்துக்கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள் போடுங்கள். ப்ளீச்சிங் பவுடர் கூடாது, எலும்பையே அரித்துவிடும்.

காய்ந்ததும் இடுப்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். தொடை எலும்பு பொருந்தும் அசிட்டாபுலம் நம்முடையதுபோல் மூடிய குழி இல்லை, ஊடுருவிய துளை. டைனோசர்களின் முக்கிய அடையாளமே அதுதான். இஸ்கியத்தின் கீழ் விளிம்பையொட்டிப் பின்னால் ஓடும் மெல்லிய குச்சி பியூபிஸ். இடவல நுனிகள் நடுவில் சேராமல் விலகி நிற்கும். கோழி வளர்ப்பவர்கள் இந்த நுனிகளுக்கு நடுவே விரல் வைத்துத்தான் முட்டையிடும் கோழியைக் கண்டுபிடிக்கிறார்கள். இடைவெளி இரண்டு மூன்று விரல் இருந்தால் இடுகிறது என்று கணக்கு.

செங்கால்

நன்றி, இரண்டும் வாங்குகிறேன். 2017-ல் சீலியின் பிரிவே தவறு என்று ஒரு கட்டுரை வந்ததாமே? பாடத்தில் சேர்க்கலாமா?

பதில் 3: பாறைப்படிவு

மேத்யூ பேரன், டேவிட் நார்மன், பால் பேரட் எழுதியது. 74 இனங்கள், 457 பண்புகளை ஒப்பிட்டு, தெரோபாட்களையும் ஆர்னிதிஸ்கியாவையும் ஆர்னிதோஸ்கெலிடா என்று ஒரே கூட்டமாக்கி, நீண்ட கழுத்துள்ள சாரோபாட் வம்சத்தை, ஆரம்பகால ஊனுண்ணியான ஹெரெராசாரஸ் வகையோடு தனியே நிறுத்தினார்கள். அதே ஆண்டு மாக்ஸ் லாங்கரும் சகாக்களும் தரவைத் திருத்தி ஓட்டியபோது சீலியின் பிரிவுக்கு ஒத்த பழைய வம்ச மரமே மீண்டும் வந்தது, ஆனால் மிகச் சிறிய வித்தியாசத்தில். அடிக்கிளைகளின் எலும்புகள் அரைகுறையாகக் கிடைப்பதால் சில பண்புகளின் குறியீட்டை மாற்றினாலே மரம் மாறுகிறது.

என் கருத்தில், சீலியின் பிரிவையே பாடமாக வைத்து, இதை ஒரு பத்தியில் சொன்னால் போதும். எந்த மரத்தை எடுத்தாலும் பறவைகள் தெரோபாட்களுக்குள்ளேதான் இருக்கின்றன. உங்கள் முதல் கேள்வியை இந்தச் சண்டை தொடவே இல்லை.