இங்கிலாந்துக்குக் குடும்பமாகப் போகிறீர்களா? தலகணியும் ஹொட் சொக்லேட்டும் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பல வருடம் லண்டனில் குடும்பத்தோடு இருந்துவிட்டு இப்போது உப்புவெளிக்கே திரும்பி வந்துவிட்டேன். திருகோணமலையில் இருந்து பிள்ளைகளோடு புறப்படுகிறவர்கள் விசா, வாடகை எல்லாம் வேறு ஆட்களிடம் கேட்டுக்கொள்வார்கள். என்னிடம் கேட்பது வீட்டுக்குள் புழங்கும் சாமான்களைப் பற்றி. அதில் இந்த இரண்டும் குளிர்காலத்தில் தினமும் ராத்திரி தேவைப்படுகிறவை. விலை கூடியதுதான் தரமானது என்று நம்பிப் பலர் காசை விடுவதும் இந்த இரண்டில்தான்.

வீட்டில் இருக்கிற இலவம் பஞ்சுத் தலகணியைப் பெட்டிக்குள் அமுக்கிக்கொண்டு போகாதீர்கள். இங்கே அது சுகமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் நம்முடைய வெயில். முற்றத்தில் காயப்போட்டு இரண்டு தட்டுத் தட்டினால் பஞ்சு திரும்ப உப்பிவிடும். அங்கே ஒக்டோபர் வந்தால் அப்படி ஒரு வெயிலுக்கு அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். ஜன்னலை மூடி ஹீட்டர் போட்ட அறையில் வியர்வையும் தூசியும் தலகணிக்குள்ளேயே தங்கும். மெஷினில் போட்டால் இலவம் பஞ்சு கட்டி கட்டியாகிவிடும்.

அதனால் கடையில் தலகணியைக் கையில் எடுத்ததும் ஓரத்தில் தைத்திருக்கும் சின்ன வெள்ளைத் துணித் துண்டைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒரு படத்துக்குள் 60 என்று இருந்தால் 60 பாகைச் சூட்டில் மெஷினில் கழுவலாம். தூசிப் பூச்சி சாவதற்கு அந்தச் சூடு வேண்டும். இழுப்பு, தும்மல் உள்ள பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். ஹொலோஃபைபர் என்ற பொலியெஸ்டர் தலகணிகளில் இப்படிக் கழுவக்கூடியவை உண்டு. சுப்பர்மார்க்கெட்டுகளில் சோடியாக மலிவாக விற்பார்கள். தொடக்கத்துக்கு அதுவே போதும். நடுவால் மடித்துக் கையை எடுங்கள். துள்ளி விரிந்தால் நல்லது. மடிந்தபடியே கிடந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. மெமரி ஃபோம் கழுத்து நோவு உள்ள சிலருக்குச் சுகம் தரும்தான். ஆனால் விலை கூட, சூடு பிடிக்கும், மெஷினில் கழுவவும் முடியாது.

உயரத்தைக் கட்டிலைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். நம்மில் பலர் பாயிலோ கெட்டி மெத்தையிலோ படுத்துப் பழகியவர்கள். அங்கே வாடகை வீட்டு மெத்தை மெதுவாக இருந்தால் தோள் உள்ளே அமிழும், அதனால் இங்கே பழகிய உயரம் அங்கே கூடிப்போகும். சரிந்து படுக்கிறவருக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள இடைவெளி நிரம்பினால் போதும். மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்வாக, குப்புறப் படுப்பவருக்கு மிக மெல்லியதாக.

ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தலகணியே வேண்டாம். தலை உருண்டையாக வரட்டும் என்று அம்மம்மா ஆசையாகத் தைத்துத் தருகிற குட்டித் தலகணியும் தொட்டிலுக்குள் வேண்டாம். மூச்சு முட்டும் ஆபத்து இருப்பதால் அங்குள்ள தாதிமாரும் இதைத்தான் சொல்வார்கள்.

இங்கிருந்து கொண்டுபோக வேண்டியது தலகணி உறை. இங்கிலாந்தில் வழக்கமான அளவு 50 × 75 சென்ரிமீற்றர். தையல்காரரிடம் 20 × 30 அங்குலம் என்று சொல்லி, நல்ல பருத்தித் துணியில், உள்ளே மடிக்கிற மடல் வைத்துத் தைப்பியுங்கள். மருதமுனைக் கைத்தறித் துணி கிடைத்தால் இன்னும் நல்லது. கனடாவில் குயின் என்று விற்கிற தலகணிக்கும் இதே அளவு பொருந்தும். ஜேர்மனிக்குப் போகிறவர்கள் தைக்க வேண்டாம், அங்கே 80 × 80 சதுரம்தான் வழக்கம்.

அப்புறம் ஹொட் சொக்லேட். நம் பிள்ளைகளுக்கு மைலோ பழக்கம். அது மோல்ட் (முளைவிட்ட தானியத்திலிருந்து எடுப்பது) சேர்ந்த பானம். தமிழ்க் கடைகளில் அங்கேயும் கிடைக்கும். ஹொட் சொக்லேட் வாங்கப் போனால் டின்னின் முன்பக்கப் படத்தை விட்டுப் பின்பக்கத்தை வாசியுங்கள். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையாக எழுதியிருப்பார்கள். முதல் சொல் சீனி என்றால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் சீனிதான். 'ட்ரிங்கிங் சொக்லேட்' என்ற பெயரில் விற்க, குறைந்தது 25 வீதம் கொக்கோத் தூள் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்படியென்றால் 20 கிராம் தூளில் 15 கிராம் வரை சீனி இருக்கலாம். 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கே 19 கிராமுக்கு மேல் சேர்த்த சீனி கூடாது என்று அந்நாட்டுச் சுகாதார சேவை சொல்கிறது. வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற இன்ஸ்டன்ட் பைகளில் பால்மா, குளுக்கோஸ் சிரப், தாவரக் கொழுப்பு எல்லாம் சேர்ந்திருக்கும்.

என் தெரிவு சீனி சேராத வெறும் கொக்கோத் தூள். ஒரு டின் நிறைய நாள் வரும், சீனியும் உங்கள் கையில் இருக்கும். ஒரு கோப்பைக்கு 2 தேக்கரண்டி கொக்கோ, 1 தேக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு. முதலில் கொஞ்சம் சூடான பாலில் கட்டியில்லாமல் களி போலக் குழைத்துவிட்டு, மீதிப் பாலை ஊற்றுங்கள். பாலைக் காய்ச்சும்போது ஒரு துண்டு கறுவா போட்டால் வாசம் தூக்கும். பிறகு தேத்தண்ணி ஆற்றுவது போல இரண்டு கோப்பையில் மாற்றி ஆற்றினால் நுரை தானாக வரும், அதற்கென்று மெஷின் வாங்கத் தேவையில்லை. பால் போத்தல் லேபிளின் நிறம் நீலம் என்றால் முழுக் கொழுப்புப் பால், பச்சை பாதிக் கொழுப்பு, சிவப்பு கொழுப்பு நீக்கியது. நீலத்தில் போட்டால்தான் கொக்கோவின் கசப்பு அடங்கி ருசி வரும். படுக்கைக்குக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். சாப்பாட்டோடு கொடுத்துப் பல் துலக்க வையுங்கள்.

மேலே மிதக்கவிடுகிற மார்ஷ்மெலோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிலுள்ள ஜெலட்டின் பெரும்பாலும் பன்றியிலோ மாட்டிலோ இருந்து எடுப்பது. சைவம் சாப்பிடும் வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் இது ஒத்துவராது. ஹலால் என்றும் சைவம் என்றும் போட்ட பக்கற்றுகள் தனியாகக் கிடைக்கும். நத்தார் காலத்தில் பாடசாலையிலும் கொடுக்கக்கூடும், ஆகவே பிள்ளையின் ஆசிரியரிடம் டிசெம்பருக்கு முன்பே சொல்லி வையுங்கள்.