கால்நடை ஆலோசகர்களாகும் பெண்களுக்கு ஊசி போடக் கற்றுத்தரலாமா?

கேள்வி:
வணக்கம். ஆடு, கோழி வளர்க்கும் 15 கிராமப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, அவரவர் ஊரிலேயே கால்நடை ஆலோசகர்களாகப் பணியாற்றும் வகையில் பயிற்சி அளிக்க இருக்கிறோம். சிலருக்குச் சரளமாக எழுத வராது. ஆனால் மந்தையில் எந்த ஆடு இன்று சரியாக அசை போடவில்லை என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். ஊசி போடத் தெரிந்தால்தான் ஊரார் மதிப்பார்கள் என்கிறார்கள் சிலர். அது அரைகுறை வைத்தியத்தில் போய் முடியும் என்று மற்றவர்கள் அஞ்சுகிறார்கள். எல்லையை எங்கே வகுப்பது?

மறுமொழி 1 (கால்நடை மருத்துவர்):
உங்கள் பகுதியின் சட்டம் அனுமதித்தால், மருத்துவரின் மேற்பார்வையில் தடுப்பூசி போடக் கற்றுக்கொடுங்கள். மாட்டு வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. மருத்துவர்கள் எட்ட முடியாத ஆப்பிரிக்க மேய்ச்சல் பகுதிகளில், குளிர்பதனம் இல்லாமலே சில வாரங்கள் தாங்கும் தடுப்பு மருந்தைக் கொண்டுசென்று போட்டதில் பயிற்சி பெற்ற உள்ளூர் மக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்துகளை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஊசி குத்துவதை அரை நாளில் பழகிவிடலாம். மருந்தைப் பாதுகாப்பதுதான் கடினம். பெரும்பாலான தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். ஆடுகளைத் தாக்கும் துள்ளுமாரி நோய்க்கான தடுப்பு மருந்தோ உறைந்தாலும் கெட்டுவிடும். ஆகவே ஐஸ் கட்டியோடு குப்பி ஒட்டாதபடி நடுவில் துணியை வைக்கும் பழக்கம் அவர்கள் கையில் படிய வேண்டும். குடற்புழு மருந்தையும் கண்மதிப்பில் கொடுக்கக் கூடாது. அளவு குறைந்தால் புழுக்கள் அந்த மருந்துக்கே பழகிவிடும். மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து எடையைக் கணிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

மறுமொழி 2 (களத்தில் ஆலோசகராக இருப்பவர்):
மருத்துவர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முதல் ஆண்டில் என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவின் இரண்டு ஆடுகளைப் பிடித்து, கீழ் இமையை விரலால் இறக்கி அவரையே பார்க்கச் சொன்னேன். ஒன்று நல்ல சிவப்பாகவும் மற்றது வெளுத்தும் இருந்தன. இரத்தம் உறிஞ்சும் புழுவால் ஆடு இப்படி வெளுக்கும் என்பதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் மற்ற ஆடுகளையும் தானே பிடித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். குட்டி பிறந்த உடனேயே, நஞ்சுக்கொடி விழும் வரை காத்திராமல் சீம்பால் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னதை அதன் பிறகுதான் அந்தத் தெருவே கேட்டது.

கட்டணத்தை முதல் நாளிலேயே ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிடுங்கள். இலவசமாகத் தொடங்கிவிட்டுப் பின்னால் பணம் கேட்க வாய் வராது. என்னோடு பயிற்சி பெற்ற இருவர் இதனாலேயே இந்த வேலையை விட்டுவிட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பயிற்சியைத் தொடர்ச்சியாக 15 நாட்கள் நடத்தலாமா? எழுதத் தெரியாதவர்கள் பதிவேட்டை எப்படிப் பராமரிப்பது?

மறுமொழி 3 (கால்நடை மருத்துவர்):
ஐந்து ஐந்து நாட்களாகப் பிரித்து, இடையில் ஒரு மாதம் ஊரில் வேலை செய்ய விடுங்கள். அங்கே எழும் சந்தேகங்களே அடுத்த வகுப்புக்குப் பாடமாகும். பதிவேட்டில் ஆடு, கோழி, ஊசி ஆகியவற்றின் படங்களை அச்சிட்டு, எண்ணிக்கைக்குக் கோடுகள் போடச் செய்தால் போதும்.