சிறைக்கு மெத்தை வாங்கணும்: விற்றவங்க, துடைச்சவங்க, படுத்தவங்க எழுதுங்க

உபிக்காரன்

வணக்கம். சிங்கப்பூரில், உபி வட்டாரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் கொட்டேஷன் போடுவது என் வேலை. கட்டில், மெத்தை, இரும்பு லாக்கர் என்று தொழிலாளர் தங்குவிடுதிகளுக்கும் (டாமிட்டரி) முதியோர் இல்லங்களுக்கும் சப்ளை செய்கிறோம். போன மாதம் வெளிநாட்டுச் சிறை ஒன்றிலிருந்து 600 மெத்தைக்கு விலை கேட்டு மெயில் வந்தது. "நம்ம டாமிட்டரி மெத்தையையே கொடுத்துடலாம், மெத்தைதானே" என்றார் பாஸ். நான் பிடிவாதமாக வேண்டாம் என்றுவிட்டேன். ஏற்கெனவே சூடு பட்டிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு விடுதிக்கு 4 அங்குல ஸ்பாஞ்ச் மெத்தை கொடுத்தோம். மேலுறை நல்ல கெட்டியான பிவிசி பிளாஸ்டிக், தடவினால் வழவழவென்று இருக்கும். எட்டே மாதத்தில் 40 மெத்தை திரும்பி வந்தது. மேலே ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் ஸ்டோருக்குள் நிற்க முடியாத நாற்றம். ஒன்றைப் பேனாக்கத்தியால் அறுத்துப் பார்த்தேன். ஓரத்தையல் போன வழியெல்லாம் உள்ளே நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பாகப் பூசணம். நடுவில் ஸ்பாஞ்ச் வாங்கின அன்று இருந்த மாதிரியே வெள்ளை. தினமும் துடைத்த தண்ணீரும் வியர்வையும் ஊசி ஓட்டை வழியாக இறங்கியிருக்கிறது. நம்ம ஊர் ஈரக்காற்றில் அது காய்வதற்கு ஏது வழி? நான் உறையைத் தடவிப் பார்த்தேனே தவிர தையலைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இப்போது படித்துத் தெரிந்துகொண்டது: சிறை மெத்தையில் ஓரத்தைத் தைக்காமல் ரேடியோ அலையில் சூடாக்கி ஒட்டுகிறார்கள். ஊசி ஓட்டைக்கே இடமில்லை. ஸிப், பொத்தான், ஓரத்தில் பைப்பிங் (உள்ளே கயிறு வைத்துத் தைக்கிற கரை) எதுவும் கிடையாது. பைப்பிங்கை உருவினால் கயிறு கிடைத்துவிடும், ஸிப்பின் உலோகத்தைத் தரையில் தேய்த்தால் கூர்முனை. சில இடங்களில் உறையே கண்ணாடி மாதிரி உள்ளே தெரிய வேண்டும் என்கிறார்கள், யாரும் எதையும் செருகி வைக்கக்கூடாது என்று. தலையணை மெத்தையோடு ஒட்டியே வரும் வகையும் உண்டு.

கேட்டலாக்கில் எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய பாய்

தம்பி, நான் படுத்தவன். ஆனால் மெத்தையில் இல்லை. சாங்கி சிறையில் பாய்தான். உள்ளே போனது என் தப்பு, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

முதல் வாரம் ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பெலும்பு, தோள்பட்டை, கணுக்கால் மூன்றிலும் தரை தெரியும். மல்லாந்து படுத்தால் பின்மண்டை. கூட இருந்த ஒரு பெரியவர், மலாய்க்காரர், போர்வையை எப்படி மடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். தலைக்கு வைக்காதே, இடுப்புக்கு வை, தலைக்குக் கை போதும் என்றார். அன்று ராத்திரிதான் தூங்கினேன். காலையில் எழுந்தால் முதுகில் கோரை வரி வரியாகப் பதிந்திருக்கும். பாய் பழசானால் ஓரத்தில் சிலும்பு எழுந்து தோலில் குத்தும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுருட்டி வைத்தால் அறை காலி. சோதனைக்கு வருகிற அதிகாரிக்குப் பாயில் தேட ஒன்றும் இல்லை, தூக்கி உதறினால் முடிந்தது. நீங்கள் உருக்கி ஒட்டிக் கண்ணாடி உறை போட்டுச் செய்கிற வேலையைப் பாய் சும்மாவே செய்கிறது. படுக்கிறவன் இடுப்புதான் அதற்கு விலை.

என் கேள்வி இதுதான். நான் இருந்த அறையில் மின்விசிறி கிடையாது. அங்கே உங்கள் பிளாஸ்டிக் உறையைப் போட்டால் முதுகு ஒட்டிக்கொண்டு உரியாதா?

வரி கட்டுபவன்

தப்பு பண்ணிட்டு உள்ளே போனவனுக்கு மெத்தை ஒரு கேடா?

நைட் ஷிஃப்ட் அக்கா

மேலே கேட்ட தம்பிக்கு: உள்ளே போகிறவர்களில் நீரிழிவுக்காரர், முதுகு போனவர், எழுபது வயதுக்காரர் எல்லாம் உண்டு. புண் வந்தால் வைத்தியச் செலவும் உங்கள் வரியில்தான் போகும். சரி, விடுங்கள்.

நான் 11 வருடமாக முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். உபி தம்பி, மெத்தையை அறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. நாங்கள் செய்கிற சோதனை ஒன்று சொல்கிறேன். உறைக்கும் பஞ்சுக்கும் நடுவே ஒரு டிஷ்யூவை விரித்து வையுங்கள். மேலே முஷ்டியால் அமுக்கிக் குழி பண்ணி, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடம் முஷ்டியாலேயே அழுத்தித் தேயுங்கள். பிறகு தண்ணீரைத் துடைத்துவிட்டு டிஷ்யூவை எடுத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் மெத்தை போச்சு. இன்னொன்று, மெத்தை நடுவில் இரண்டு கையையும் கோர்த்து உடம்புப் பாரத்தைப் போட்டு அமுக்கினால் கட்டில் பலகை கையில் தட்டக்கூடாது. தட்டினால் படுக்கிறவருக்கும் தட்டும்.

உறை கெட்டுப்போவது பெரும்பாலும் உபயோகத்தால் இல்லை, எங்கள் கையால். பிளீச் அதிகம் ஊற்றினால் அதிகம் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் இல்லத்திலேயே ஒருவர் அளவே பார்க்காமல் மூடியைத் திறந்து அப்படியே கவிழ்ப்பார். ஆறு மாதத்தில் உறை பிசுபிசுவென்று ஆகி, வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிகிற மாதிரி மயிரிழை வெடிப்பு. மருந்து எவ்வளவு நேரம் ஈரமாக மேலே நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நிற்கட்டும், அப்புறம் வெறும் தண்ணீரில் துடையுங்கள், காயவிடுங்கள். ஈரத்தோடு ஒன்றன் மேல் ஒன்று அடுக்காதீர்கள். சிறையில் ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் துடைக்க எவ்வளவு நேரம் கொடுப்பார்கள் என்று கேட்டு, அதற்குள் காய்கிற உறையா என்று பாருங்கள். இதை எந்தக் கேட்டலாக்கும் சொல்லாது.

துவாஸ் தொங்கல்

அண்ணே, நான் டாமிட்டரிக்காரன், எட்டு வருசம். எங்களுக்குப் பிரச்சினை பூசணம் இல்ல, மூட்டைப்பூச்சி.

சீனப் புத்தாண்டுக்கு முன்னாடி அடுக்குமாடி புளோக் கீழ ஜனங்க நல்ல நல்ல மெத்தையா தூக்கிப் போடுவாங்க பாருங்க. ஒரு வருசம் நானும் ரூம்மேட்டும் ஆசைப்பட்டு ஒண்ணைத் தூக்கிக்கிட்டு லாரியில ஏத்திட்டு வந்தோம். கனமான ஸ்பிரிங் மெத்தை, ராஜா மாதிரி மூணு ராத்திரி. நாலாவது நாள் காலைல கழுத்துல வரிசையா மூணு தடிப்பு. மெத்தை ஓரத்துல மடிச்சுத் தைச்சிருக்குல்ல, அதைப் பிரிச்சுப் பாத்தா மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி. நகத்தால நெருடினா ஓடுது. ரூம் முழுக்க என்னைப் பாத்த பார்வை இருக்கே, ஊருக்கே டிக்கெட் போட்டுடலாம்னு இருந்துச்சு.

மெத்தையத் தூக்கிப் போட்டும் போகல. கட்டில்ல ஸ்க்ரூ ஓட்டை, பலகை சேர்ற இடுக்கு, அங்கெல்லாம் குடியேறிடுச்சு. ரத்தம் கிடைக்கலன்னாலும் மாசக்கணக்குல கிடக்குமாம். கடைசில மருந்தடிக்கிறவர் வந்து சூட்டு மெசின் வச்சாரு. புது டாமிட்டரின்னா ரூமுக்கு 12 பேர்தான், கட்டிலுக்குக் கட்டில் 1 மீட்டர்னு 2021ல விதி வந்துச்சு. நல்லதுதான். மூட்டைப்பூச்சிக்கு அந்த 1 மீட்டர் ராத்திரி காத்தாட நடக்கிற தூரம்.

அதனால உங்க ஒட்டின ஓரம் எங்களுக்கும் வேணும். மடிப்பு இல்லன்னா ஒளிய இடமில்ல. ஆனா மெத்தைய மட்டும் மாத்திட்டுக் கட்டில மறந்துடாதீங்க.

ஜூரோங் பெரியவர்

கப்பல் பட்டறையில் தீப்பாதுகாப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். சுத்தம் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள், தீயை ஒருவரும் தொடவில்லை. சிறையில் அதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் கதவு வெளியே பூட்டியிருக்கிறது.

1977ல் அமெரிக்காவில் டென்னஸி மாநிலம் கொலம்பியா ஊர்ச் சிறையில், கைதி தலையை முட்டிக்கொள்ளாமல் இருக்கச் சுவரில் மெத்தை அடித்த அறை ஒன்றில் ஒரு பையன் தீ வைத்தான். பாலியூரிதேன் ஸ்பாஞ்ச், மேலே பிளாஸ்டிக் உறை. புகை காற்றுக் குழாய் வழியாக மற்ற அறைகளுக்குப் போயிற்று, நெரிசலில் சாவி தவறிவிட்டது. 42 பேர் செத்தார்கள், பார்க்க வந்த உறவினர் உட்பட. 2010ல் சிலி நாட்டு சாந்தியாகோவில் சான் மிகேல் சிறையில் சண்டையில் மெத்தைகளைக் கொளுத்தினார்கள், 81 பேர் செத்தார்கள். ஸ்பாஞ்ச் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். தீ வந்து தொடுவதற்கு முன்பே புகை ஆளைக் கவிழ்த்துவிடும்.

சான்றிதழில் அமெரிக்காவின் மெத்தைத் தீ விதியான 16 சிஎஃப்ஆர் 1633 என்று இருக்கிறதா பாருங்கள். 2007லிருந்து நடப்பில் இருக்கிறது. இரண்டு எரிவாயுச் சுடர், மேல்பக்கம் 70 விநாடி, பக்கவாட்டில் 50 விநாடி. பிறகு 30 நிமிடம் கவனிப்பார்கள். வெப்பம் எந்த நேரத்திலும் 200 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது, முதல் 10 நிமிடத்தில் மொத்தம் 15 மெகாஜூலுக்குள் இருக்க வேண்டும். ஆனால் இது பொதுவான மெத்தைச் சட்டம், சிறைக்கென்று எழுதியது இல்லை. சிறை மெத்தை விற்பவர்கள் ஏஎஸ்டிஎம் எஃப் 1085 என்ற தர விதியையும் போடுவார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அது எங்கள் கப்பல் படுக்கைக்கு எழுதிய விதி. மாலுமிக்கும் கைதிக்கும் ஒரே மெத்தை! தப்பில்லை, இரண்டு பேருமே நினைத்த நேரத்தில் வெளியே ஓட முடியாதவர்கள்.

தம்பி கேட்க வேண்டியது ஒன்றுதான்: சோதித்தது முழு மெத்தையையா, கிழித்த மெத்தையையா? உறை நெருப்பைத் தாங்கும், சரி. கைதி உறையைக் கிழித்து ஸ்பாஞ்சைப் பிய்த்துக் கொளுத்தினால் உறை எதற்கு ஆகும்? உங்கள் ஓரம் பிரிந்தால் தண்ணீர் மட்டும் உள்ளே போகாது, நெருப்பும் போகும். அந்தக் காலத்தில் போரிக் அமிலம் ஏற்றிய பருத்திப் பஞ்சு வைப்பார்கள். தீக்கு நல்லது, ஆனால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், ஈரம் பட்டால் சொல்லவே வேண்டாம்.

உபிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. பெரியவர் கேட்ட கேள்வியை அப்படியே மூன்று சப்ளையருக்கும் அனுப்பினேன். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் முழு மெத்தைதான் என்று உண்மையைச் சொன்னார். மூன்றாமவர் உறையைக் கிழித்துச் செய்த சோதனையின் அறிக்கையையும் சேர்த்து அனுப்பினார். அவருடையது ஸ்பாஞ்ச் இல்லை, அழுத்திக் கெட்டியாக்கிய பாலியெஸ்டர் இழை. தூளாக உதிராது, ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. விலை ஒன்றரை மடங்கு. பாஸ் முகம் சுருங்கிவிட்டது. திரும்பி வந்த அந்த 40 மெத்தையின் கணக்கை எடுத்து மேசையில் வைத்தேன், பேசாமல் இருந்தார்.

பழைய பாய் அண்ணனுக்கு: நீங்கள் சொன்னது சரி. பாலியூரிதேன் பூசிய நைலான் உறை பிவிசியை விடப் பரவாயில்லை, ஆனால் மின்விசிறி இல்லாத அறையில் வியர்க்கத்தான் செய்யும். மேலே விரிப்பு இருந்தால்தான் படுக்க முடியும் என்று கொட்டேஷனில் குறிப்பாக எழுதிவிட்டேன். கேட்காததை ஏன் எழுதுகிறாய் என்றார் பாஸ். எழுதியதை எடுக்கவில்லை.

நேற்று சாம்பிள் மெத்தை வந்தது. முற்றிலும் ஒட்டினதென்றால் உட்காரும்போது உள்காற்று எங்கே போகும், ஓரம் வெடிக்காதா என்று யோசித்தேன். ஒரு பக்கத்தில் சின்ன மூச்சுத்துளை வைத்திருக்கிறார்கள், மேலே வலை. அந்தப் பக்கம் கட்டிலில் எங்கே வரும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

அக்கா சொன்ன சோதனைக்கு டிஷ்யூவை உள்ளே வைக்க உறையில் வாயே இல்லை. அதனால் ஒரு பக்கத்தை அறுத்து, நாலு மூலையிலும் நடுவிலும் டிஷ்யூ வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். ஸ்டோர் அண்ணன்தான் முஷ்டி போட்டார், நல்ல கனமான ஆள். நடுவில் காய்ந்தே இருந்தது. மூன்று மூலை காய்ந்திருந்தது. நாலாவது மூலையில், ஒட்டு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேருகிற இடத்தில், டிஷ்யூவில் ஐந்து காசு அகலத்துக்கு ஈரம். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் போடுகிறேன்.

பழைய பாய்

அந்த மூலை தலைப்பக்கமா கால்பக்கமா தம்பி?