குழுவோடு ஜப்பான்: இறங்கும் முதல் நாளில் எங்கே சிக்கல் வரும்?

முதல்பயணி:
வணக்கம். நவம்பர் கடைசி வாரம் கல்லூரிக் குழுவோடு டோக்கியோ போகிறேன். 24 மாணவர்கள், 2 ஆசிரியர்கள். எல்லோருக்கும் இந்தியப் பாஸ்போர்ட், இ-விசா. சிங்கப்பூர் வழியாக இரவு விமானம், காலையில் நரிதாவில் இறங்குகிறோம். அன்று பிற்பகலே அசகுசா, இரவு தங்குவது ஷின்ஜுகு பக்கம். எனக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். என் ஒருத்தியால் மொத்தக் குழுவும் காத்து நிற்கக் கூடாது. இறங்கியதிலிருந்து தூங்கப் போகும்வரை எதில் தடுமாற வாய்ப்பு அதிகம்? நான் சைவம். வீசிங்குக்கு இன்ஹேலர் வைத்திருக்கிறேன்.

பாதசாரி:
வரிசை நீளமாக இருந்தால்கூட எல்லோரும் ஒன்றாக நகர்ந்துவிடுவார்கள். கவுண்டருக்கு வந்தபிறகு ஒருவர் பையைக் குடைய ஆரம்பித்தால்தான் குழு தேங்கும். ஆகவே பாஸ்போர்ட், போன், பேனா, ஹோட்டல் முகவரி எழுதிய தாள் நான்கும் விமானத்திலிருந்து இறங்கும்போதே தோளில் மாட்டும் சின்னப் பையில் இருக்கட்டும்.

உங்களுக்கு முதல் கவனம் இ-விசா. 'விசா வழங்கல் அறிவிப்பு' பக்கத்தை இணையத்தில் திறந்து, போன் திரையில் நேரடியாகக் காட்ட வேண்டும். அச்சிட்ட தாள், பிடிஎஃப், ஸ்க்ரீன்ஷாட் எதுவும் செல்லாது. புறப்படும் ஊரின் செக்-இன் கவுண்டரிலும் கேட்பார்கள், நரிதாவிலும் கேட்பார்கள். இரண்டு இடத்திலும் போனில் சார்ஜ், இணையம், இ-விசா கணக்கின் பாஸ்வேர்டு மூன்றும் இருந்தாக வேண்டும். நரிதாவில் இலவச வைஃபை உண்டு. ஆனாலும் ரோமிங் அல்லது இ-சிம் ஒன்றை ஊரிலேயே போட்டுக்கொண்டால் பதற்றம் இல்லை.

விசிட் ஜப்பான் வெப் என்ற ஜப்பான் அரசின் இணையதளம் வேறு. குடிவரவு, சுங்கம் இரண்டுக்குமான விவரங்களை அதில் நிரப்பினால் ஒரே கியூஆர் கோடு கிடைக்கும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, விசாவுக்கும் ஸ்க்ரீன்ஷாட் போதும் என்று நினைப்பதுதான் பலர் மாட்டும் இடம்.

நிரப்பும்போது விமான எண் கேட்கும். ஜப்பானில் தரையிறங்கும் விமானத்தின் எண்ணைப் போடுங்கள், அதாவது சிங்கப்பூர்-நரிதா விமானம். ஊரிலிருந்து கிளம்பும் முதல் விமானத்தின் எண்ணைப் போடுவது சகஜமான தவறு. தங்கும் இடத்துக்கு ஹோட்டலின் 7 இலக்க அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் முகவரியின் பெரும்பகுதி தானாக வந்துவிடும். கட்டட எண்ணும் ஹோட்டல் பெயரும் மட்டும் சேர்க்க வேண்டியிருக்கும். இன்னொன்று: நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியல் விரித்து எழுதப்பட்டிருக்கும். டிக்கெட், விசா, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் பொருந்துகிறதா என்று இப்போதே பாருங்கள். செக்-இன் வரிசையில் நின்றுகொண்டு திருத்த முடியாது.

இறங்கியபின் வரிசை இப்படி: குடிவரவு, பெட்டி பெல்ட், சுங்கம், வெளி மண்டபம். 16 வயது நிரம்பிய வெளிநாட்டவருக்கு இரண்டு ஆள்காட்டி விரல்களின் ரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். இரவு முழுக்க விமானத்தில் இருந்தால் விரல் வறண்டு ரேகை பதியாமல் போகலாம். வரிசையில் நிற்கும்போதே கொஞ்சம் கிரீம் தடவித் துடைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டும் அனுமதிச் சீட்டில் எத்தனை நாள் என்று கவுண்டரை விட்டு நகருமுன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

முன்னால் முடித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் கழிப்பறைக்கும் கடைக்கும் போய்விட்டால் எண்ணிக்கை சரிபார்க்கவே அரை மணி போகும். பெல்ட் அருகே ஒரு முறை, வெளி மண்டபத்தில் ஒரு முறை எண்ணச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள்.

மருந்துச்சீட்டு:
இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம். மருத்துவர் சீட்டின் நகலையும், மருந்தை அதன் அட்டைப் பெட்டியோடும் கொண்டுபோங்கள். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்துகள் ஒரு மாதத்துக்கும், கடையில் நேரடியாக வாங்கும் மருந்துகள் இரண்டு மாதத்துக்கும் மிகாமல் இருந்தால் முன் அனுமதி தேவையில்லை. அதற்கு மேல் என்றால் 'யுன்யூ காகுனின்-ஷோ' என்ற இறக்குமதிச் சான்று பயணத்துக்கு முன்பே வாங்க வேண்டும்.

ஆபத்து இருப்பது சாதாரண சளி மாத்திரையில். சூடோஎஃபெட்ரின் (மூக்கடைப்பைக் குறைக்கும் மருந்துப்பொருள்) 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்து ஜப்பானுக்குள் தடை. கணக்கு மாத்திரையின் மொத்த எடைக்கு: 500 மி.கி. எடையுள்ள மாத்திரையில் 60 மி.கி. இருந்தால் அது 12 சதவீதம். அட்டையில் அந்தப் பெயர் இருந்தாலே எடுத்துப்போகாதீர்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தையும் தவிர்த்துவிடுங்கள். ஆம்ஃபெட்டமைன் என்ற ஊக்கப்பொருள் உள்ள மருந்துக்கு மருத்துவர் சீட்டு இருந்தாலும் வழியே இல்லை. குழுவுக்குப் பொது மருந்துப் பெட்டி ஒன்றைக் கட்டுகிறவர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

சாப்பாட்டில்: இறைச்சி எந்த உருவத்திலும் கூடாது. கருவாட்டைச் சொல்லவில்லை; ஆட்டுக்கறி ஊறுகாய், சாசேஜ், விமானத்தில் மிச்சம் வைத்த சிக்கன் சாண்ட்விச் இவைதான் மாட்டும். பச்சைக் காய், பழம், கறிவேப்பிலைக் கொத்து இவையும் வேண்டாம்: சில அடியோடு தடை, மற்றவற்றுக்கு ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்று வேண்டும். மாணவர் பையில் அது இருக்காது. முறுக்கு, பருப்புப் பொடி போன்ற உலர்ந்தவை கடை பாக்கெட்டில் இருந்தால் விளக்குவது எளிது. சந்தேகமிருந்தால் அறிவித்துவிடுங்கள். அறிவித்தால் பொருள் மட்டும் போகும், மறைத்தால் குற்றம்.

முதல்பயணி:
மிக்க நன்றி. சளி மாத்திரையை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு: இறங்கியதும் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஆசிரியர் வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், அது சரியா? கையில் எவ்வளவு யென் வேண்டும்?

யமனோதே:
பாஸ்போர்ட்டைக் கொடுக்கக் கூடாது. 16 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணி எப்போதும் அசலைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது ஜப்பானின் குடிவரவுச் சட்டம். இல்லையென்றால் 1 லட்சம் யென் வரை அபராதம் விதிக்க இடமுண்டு, நகல் ஈடாகாது. ஆசிரியருக்குத் தொலைந்துவிடுமோ என்ற பயம் இருப்பது நியாயம்தான். ஆளுக்கொரு நகலை அவரிடம் கொடுத்துவிட்டு, அசலைச் சட்டைக்குள் அணியும் பையில் வையுங்கள். காவல் நிலையத்துக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119.

முதல் நாளுக்கு 10,000 யென் போதும், ஆனால் 1,000 யென் நோட்டுகளாக. பேருந்திலும் பானம் விற்கும் இயந்திரங்களிலும் பெரிய நோட்டு ஓடாது. 2024 ஜூலை 3-இல் வந்த புதிய நோட்டுகளை ஏற்காத பழைய இயந்திரங்களும் இருக்கின்றன, அப்போது நாணயத்தைப் பயன்படுத்துங்கள். ஏடிஎம் என்றால் செவன்-இலெவன் கடைக்குள் இருப்பது வெளிநாட்டு அட்டைகளுக்கு நம்பகமானது. உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்புமுன் திறந்துவிடுங்கள்.

ரயிலுக்கு ஆளுக்கொரு ஐசி அட்டை (பணம் ஏற்றி, நிலையக் கதவில் தட்டும் அட்டை) வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சுய்கா என்றால் அட்டைக்கு வைப்புத்தொகை கிடையாது, 28 நாள் செல்லும். ஒரே அட்டையை இருவருக்குத் தட்ட முடியாது: உள்ளே போன பதிவு முடியாமல் அடுத்த ஆளுக்குக் கதவு மூடிக்கொள்ளும். இருப்பு குறைந்தால் வெளியேறும் கதவுக்கு முன்னால் இருக்கும் இயந்திரத்தில் ரொக்கம் போட்டு ஏற்றலாம். வங்கி அட்டையும் ஐசி அட்டையும் ஒரே உறைக்குள் இருந்தால் கதவு குழம்பும்.

26 பேர் ஒரே பெட்டியில் ஏறப் பார்க்காதீர்கள். மூன்றாகப் பிரிந்து மூன்று கதவில் ஏறுங்கள். யாராவது நடைமேடையில் விடுபட்டால், ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே நடைமேடையில் நிற்க வேண்டும். விடுபட்டவர் அதே வகை ரயிலில் வர வேண்டும். இந்த 'அதே வகை' முக்கியம். யமனோதே வட்டப்பாதையில் எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்கும், கவலையில்லை. நரிதாவிலிருந்து வரும் கெய்செய் போன்ற ரயில் பாதையில் விரைவு ரயிலில் ஏறிவிட்டால் நண்பர்கள் நிற்கும் நிலையத்தைத் தாண்டிப் போய்விடும். நிலையப் பெயரை விட எண்ணை நினைவில் வையுங்கள்: யமனோதேயில் ஷின்ஜுகு ஜேஒய் 17, கின்சா பாதையில் அசகுசா ஜி 19. ஷின்ஜுகுவில் 200-க்கு மேற்பட்ட வாசல்கள். "ஸ்டேஷன்ல சந்திப்போம்" என்று சொல்லிப் பிரிந்தால் அன்றிரவு சந்திப்பதே கஷ்டம். வாசலின் பெயரைச் சொல்லுங்கள்.

தாஷிவேண்டாம்:
சைவத்துக்கு: மீனோ கறியோ கண்ணில் படாத உணவிலும் 'தாஷி' இருக்கும். அது பெரும்பாலும் கட்சுஓபுஷி என்ற உலர்ந்த மீன் சீவலில் எடுக்கும் சாறு. மிசோ சூப், உடோன், சோபா நூடுல்ஸ், இனாரி (டோஃபு பைக்குள் வைத்த சோறு), காய்க் குழம்பு எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான். "வெஜிடேரியன்" என்றால் கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். "நிகு தோ சகனா வா தபெமாசென், தாஷி மோ தமே தெசு" என்று சொல்லுங்கள்: கறி, மீன் சாப்பிடமாட்டேன், தாஷியும் ஆகாது. இதை ஜப்பானிய எழுத்தில் போனில் படமாக வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய மொழியை முன்பே இறக்கிக்கொண்டால் இணையமில்லாமலும் லேபிளைப் படிக்கலாம்.

முதல் நாள் பரிசோதனைக்கான நாளல்ல. வாழைப்பழம், உப்பு மட்டும் போட்ட ஒனிகிரி (சோற்று உருண்டை), ஊரிலிருந்து வந்த பொடி போதும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். குப்பைத்தொட்டி தெருவில் அரிது. ஒரு காலிப் பை வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுவிமானம்:
தூக்கம் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு 11 மணி, உடம்புக்கு 7.30. அதனால் முதல் இரவு தூக்கம் வராது; காலை 6 மணி அலாரமோ உடம்புக்கு அதிகாலை 2.30. இரண்டாம் நாள் பேருந்தைத் தவறவிடுவது இதனால்தான். பகலில் பேருந்தில் 20 நிமிடத்துக்கு மேல் கண்ணயர வேண்டாம், வெளிச்சத்தில் நடங்கள். நவம்பர் கடைசியில் மாலை 4.30-க்கே சூரியன் மறைந்துவிடும். அசகுசாவைப் பகலில் பார்க்க வேண்டுமென்றால் மதியம் 2 மணிக்காவது அங்கே இருக்க வேண்டும். குளிர்ச்சட்டையைப் பெட்டிக்குள் பூட்டிவிடாதீர்கள்.

மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டைக் கால் பிளக். சார்ஜரில் '100-240' என்று அச்சிட்டிருந்தால் அடாப்டர் மட்டும் போதும். நம் ஊர் 230 வோல்ட் ஹேர் டிரையர் சரியாகச் சூடேறாது. பவர் பேங்க் கைப்பையில்தான். ஜப்பானிய விமான நிறுவனங்கள் 2025 ஜூலை 8 முதல் அதைத் தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்க வேண்டாம் என்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கால் சார்ஜ் செய்யவே கூடாது. மேலே சொன்ன இ-விசாவை இறங்கியதும் திறக்க வேண்டியிருப்பதால், இருக்கையிலுள்ள யுஎஸ்பி துளைக்கு ஒரு கேபிளைக் கையிலேயே வைத்திருங்கள்.