நிகோட்டின் இல்லாத சூயிங்கம்: சிகரெட்டை விட உதவுமா, நாளைக் கடத்துமா?

கொள்ளிடக்கரை:

சிகரெட்டை விட வேண்டும் என்று மருந்துக்கடையில் போய்ச் சொன்னால் முதலில் எடுத்துக் கொடுப்பது நிகோட்டின் சூயிங்கத்தைத்தான். எதன் பிடியிலிருந்து விடுபட வேண்டுமோ அதையே வாயில் போட்டு மெல்லச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆகவே, நிகோட்டின் சிறிதும் இல்லாத, புதினாவும் கிராம்பும் சேர்ந்த மூலிகைச் சூயிங்கம் வாங்கி வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை சிகரெட்டை நிறுத்திவிட்டு இதை மட்டும் மெல்வதாக எண்ணம்.

புகைப்பவனைப் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு பழக்கத்துக்குத்தான் என்பது என் வாதம். டீக்கடையில் கண்ணாடி டம்ளர் ஒரு கைக்கு வந்ததும் மறு கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. பெட்டிக்கடைத் தூணில் கனன்றுகொண்டு தொங்கும் தீக்கயிற்றைப் பார்த்த மாத்திரத்தில், அதுவரை அந்த நினைப்பே இல்லாதவனும் சில்லறையாக ஒன்று வாங்கிப் பற்ற வைக்கிறான். அந்த ஐந்து நிமிடத்துக்கு வாய்க்கு வேறு வேலை கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

மருந்தாளுநர்:

நண்பரே, உங்கள் முடிவு நல்ல முடிவு; நீங்கள் எடுத்திருக்கும் கருவிதான் போதாது. காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ஒருவர் நிகோட்டினுக்கு எவ்வளவு அடிமைப்பட்டிருக்கிறார் என்பதை அறிய ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஃபாகர்ஸ்ட்ரோம் பெயரில் உள்ள வினாப்பட்டியலில் அதிக எடை உள்ள கேள்விகளில் ஒன்று அது. அரை மணி நேரத்துக்குள் என்றால், உங்களைப் பிடித்திருப்பது டீக்கடையும் தீக்கயிறும் மட்டுமல்ல. தூக்கத்தின்போது இரத்தத்தில் குறைந்துவிட்ட நிகோட்டினை மூளை திரும்பக் கேட்கிறது.

புகையை இழுத்தால் 10 முதல் 20 நொடிக்குள் நிகோட்டின் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. உடலில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. நிறுத்திய முதல் வாரத்தில், குறிப்பாக இரண்டாம் மூன்றாம் நாள்களில், எரிச்சலும் மனக்குவியமின்மையும் தூக்கக் கேடும் உச்சத்தில் இருக்கும். புதினாவோ கிராம்போ அந்த இடத்தைத் தொடுவதில்லை. நிகோட்டின் சூயிங்கத்தில் உள்ள மருந்து கன்னத்தின் உட்புறத்தோல் வழியாக மெதுவாக ஏறுகிறது. இரத்தத்தில் உச்சத்தை எட்ட அரை மணி நேரம்போல ஆகும். அந்த மெதுவான ஏற்றத்தினால்தான் அது ஏக்கத்தைத் தணிக்கிறதே தவிர சிகரெட்டைப் போல அடிமைப்படுத்துவதில்லை. புற்றுநோயையும் மாரடைப்பையும் கொண்டுவருவது பெரும்பாலும் புகையில் உள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் பிற நச்சுகளும்தான். அவை எவையும் சூயிங்கத்தில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-இல், இந்தச் சூயிங்கம் போன்ற நிகோட்டின் மாற்று மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டின் தேசியப் பட்டியலிலும் அது 2022-இல் இடம்பெற்றது.

பழைய பட்டறை:

மருந்தாளுநர் ஐயா சொல்வதைப் படித்தால், மருந்து இல்லாமல் எவனுமே சிகரெட்டை விட முடியாது என்பதுபோல் இருக்கிறது. எங்கள் லேத் பட்டறையில் என்னோடு சேர்த்து மூன்று பேர் விட்டோம். ஒருவரும் நிகோட்டின் சூயிங்கம் வாங்கவில்லை. எனக்குக் கைகொடுத்தவை சட்டைப்பையில் கிடந்த நாலு கிராம்பும் பெட்டிக்கடைச் சூயிங்கமும்தான். இயந்திரம் ஓடும்போது கை இரண்டும் வேலையில் இருக்கும், ஆசை எழாது. இயந்திரம் நின்று டீ வந்த பிறகுதான் நெஞ்சு பரபரக்கும். அந்த நேரத்தை மென்றே கடத்தினேன்.

என் உறவினர் ஒருவர் சிகரெட்டை விட்டதாகச் சொல்லிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நிகோட்டின் சூயிங்கத்தை மென்று வருகிறார். ஊருக்குப் போகும்போது பெட்டியில் அட்டை இல்லையென்றால் பதறிப்போகிறார். இதற்குப் பெயர் விடுதலையா? செலவையும் பாருங்கள். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு என்று மென்றால் ஒரு கூலித் தொழிலாளியால் எத்தனை நாள் தாங்க முடியும்? உலகத்தில் சிகரெட்டை விட்டவர்களில் பெரும்பாலோர் எந்த மருந்தும் இல்லாமல்தான் விட்டிருக்கிறார்கள் என்பதையும் ஐயா சொல்லியிருக்க வேண்டும்.

மருந்தாளுநர்:

பட்டறைக்காரர் விட்டிருப்பதை நான் மதிக்கிறேன், பெரும்பாலோர் மருந்தில்லாமல் விட்டார்கள் என்பதும் உண்மையே. ஆனால் அப்படி முயன்று முடியாமல் போனவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். எந்த உதவியும் இல்லாமல் ஒரு தடவை முயல்பவர்களில், ஆறு மாதமோ ஓர் ஆண்டோ கழித்தும் புகைக்காமல் இருப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். வென்றவர் பட்டறையில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிறார். தோற்றவர் மறுபடியும் பற்ற வைத்துவிட்டு, தன்னால் ஆகாது என்று ஒதுங்கிவிடுகிறார். அவருடைய கதை நமக்கு வந்து சேர்வதில்லை.

நிகோட்டின் இல்லாத சூயிங்கத்தால் சிகரெட்டை நிறுத்திவிடலாம் என்று விற்பது புதிதல்ல. சில்வர் அசிட்டேட் கலந்த சூயிங்கம் ஒன்று மேலைநாடுகளில் முன்பு விற்கப்பட்டது. அதை மென்ற பிறகு புகைத்தால் வாயில் சகிக்க முடியாத உலோகச் சுவை ஏறும். அந்த அருவருப்பினால் சிகரெட்டை விட்டுவிடுவார்கள் என்பது கணக்கு. நடந்தது என்னவென்றால், மக்கள் சிகரெட்டுக்குப் பதிலாகச் சூயிங்கத்தை விட்டார்கள். அளவுக்கு மீறி நெடுநாள் மென்றால் வெள்ளி உடலில் படிந்து தோல் நீலச்சாம்பல் நிறமாகும் அபாயமும் இருந்தது. லோபீலியா என்ற செடியிலிருந்து எடுத்த லோபெலின் கலந்த தயாரிப்புகளும் அதே காலத்தில் விற்பனையில் இருந்தன. இவை பயன் தருகின்றன என்று நிரூபிக்கப்படவில்லை என்பதால், மருந்துச் சீட்டில்லாமல் இவற்றைச் சிகரெட் நிறுத்தும் பொருள்களாக விற்பதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1993-இல் தடை செய்தது. மாறாக நிகோட்டின் மாற்று மருந்து, ஆயிரக்கணக்கானவர்களிடம் நடத்திய ஒப்பீட்டு ஆய்வுகளின்படி, விடும் வாய்ப்பை 50 முதல் 60 விழுக்காடு கூட்டுகிறது.

பழைய பட்டறை:

அந்தக் கணக்கின்படியே பார்த்தாலும், நூற்றுக்கு ஐந்து பேர் விட்ட இடத்தில் எட்டுப் பேர் விடுகிறார்கள். மீதித் தொண்ணூற்றிரண்டு பேர் பணத்தையும் கொடுத்துவிட்டு மறுபடி பற்ற வைக்கத்தானே செய்கிறார்கள்? இதை வைத்துக்கொண்டு கிராம்பைக் குறை சொல்வது சரியில்லை.

மருந்தாளுநர்:

ஐந்து எட்டாகும்போது கூடுதலாக விடும் அந்த மூன்று பேரில் ஒருவர் நம் வீட்டில் இருந்தால் அந்தக் கணக்கு நமக்குச் சிறியதாகத் தெரியாது, ஐயா. தோலில் ஒட்டும் பட்டையையும் சூயிங்கத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பயன் இன்னும் கூடுகிறது. அதோடு ஆலோசனையும் சேர்ந்தால் மேலும் நல்லது. உங்கள் உறவினரைப் போல நீண்ட நாள் மெல்பவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைக்கக் கற்றுத்தர வேண்டும். முறையான காலம் ஏறத்தாழ 12 வாரம். ஆனாலும், ஆண்டுக்கணக்கில் சூயிங்கம் மெல்பவருக்கும் ஆண்டுக்கணக்கில் புகைப்பவருக்கும் நுரையீரல் ஒன்றுபோல் இருக்காது.

பல் மருத்துவர் (மதுரை):

இருவர் சொல்வதிலும் விடுபட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வாய்க்கு வேலை கொடுப்பது என்று தொடங்கி, பலர் போய்ச் சேரும் இடம் பாக்கு. பான் மசாலா உறைகளில் புகையிலை இல்லை, நிகோட்டின் இல்லை என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி, "சிகரெட்டை விட்டுவிட்டேன் டாக்டர், இது வெறும் பாக்குதான்" என்று சொல்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். புகையிலை சேராத வெறும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளே என்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் வகையில் சேர்த்திருக்கிறது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகி, ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் திறக்க முடியாமல் வருபவர்களில் முப்பது வயதைத் தாண்டாதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கொள்ளிடக்கரை அவர்களே, நிகோட்டின் இல்லை என்ற ஒரு வரியை மட்டும் பார்த்து எதையும் வாங்காதீர்கள். உறையைத் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். சூயிங்கம் என்றால் சர்க்கரை சேராததாக இருக்கட்டும்.

நிகோட்டின் சூயிங்கத்தால் பயனில்லை என்று சொல்பவர்களில் பலர் அதைத் தவறாக மெல்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சூயிங்கம்போல் விடாமல் மென்றால் மருந்து உமிழ்நீரோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும் வரும். மெதுவாக மெல்ல வேண்டும். மிளகைக் கடித்ததுபோல் சுரீரென்ற காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு மூன்று மெல்லு, பிறகு வேறு பக்கம் ஒதுக்கு என்று அரை மணி நேரம் தொடர வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காப்பியும் பழச்சாறும் குடிக்கக் கூடாது; வாயில் அமிலத்தன்மை இருந்தால் மருந்து தோலில் ஏறாது.

கொள்ளிடக்கரை:

மூவருக்கும் நன்றி. பாக்கு என் பக்கமே வராது. மருந்தாளுநர் கேட்டதற்குப் பதில்: பல் துலக்குவதற்கு முன்பே முதல் சிகரெட் ஆகிவிடும். ஆயினும் பழக்கத்தின் பங்கை அவர் குறைத்து மதிப்பிடுகிறார் என்றே இப்போதும் கருதுகிறேன். நிகோட்டின் அகற்றிய சிகரெட்டைக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில், அதை இழுத்தவர்களுக்கும் ஏக்கம் ஓரளவு தணிந்தது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் கைக்கும் தொண்டைக்கும் பழகிய உணர்வு பொய்யில்லையே. மூலிகைச் சூயிங்கத்தோடு தொடங்குகிறேன். மூன்றாம் நாள் தாங்கவில்லையென்றால் நிகோட்டின் சூயிங்கத்துக்கு மாறுகிறேன். இது நியாயமான ஏற்பாடுதானே?

பழைய பட்டறை:

நியாயமான ஏற்பாடுதான் தம்பி. மூன்றாம் நாள் டீக்கடைப் பக்கமே போகாதீர்கள். டீயை வீட்டிலேயே குடியுங்கள். கிராம்பு காரமாக இருந்தால் ஏலக்காய் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தாளுநர்:

டீயை வீட்டில் குடிக்கச் சொன்னது நல்ல யோசனை. நீங்கள் சொல்லும் ஆய்வும் உண்மை. டீ வேளைக்கு உங்கள் புதினா சூயிங்கம் இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்பதை ஏற்க மாட்டேன், ஏனென்றால் அன்றுதான் ஏக்கம் உச்சத்தில் இருக்கும். அந்த நிலையில் வீட்டை விட்டு இறங்குபவர் மருந்துக்கடைக்குப் போவதற்குள் வழியில் எத்தனை பெட்டிக்கடையைத் தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பல் துலக்கும் முன் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் தேவைப்படும். 2 மில்லிகிராம் மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்கும், 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். சனிக்கிழமைக்குள் மருத்துவரைப் பாருங்கள். இதய நோயோ வேறு மருந்துகளோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிகரெட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும். ஞாயிறு வரை காத்திருக்காமல் இன்றைக்கே பேசிவிடுங்கள். திங்கட்கிழமை காலை படுக்கையை விட்டு எழும்போது நிகோட்டின் சூயிங்க அட்டை தலைமாட்டில் இருக்க வேண்டும்.